கழுவி வந்த அடுக்குச் சட்டி

காஜா பெராங் சாலையில், ஊர்ப் பேச்சில் சடக்கில், பகல் பதினொன்றரை மணிக்கு ஒரு குழந்தை வண்டி போகும். நீல நிறம், பெரிய சக்கரங்கள், வெயிலுக்கு இழுத்துவிடக் கறுப்புக் குடை. உள்ளே குழந்தை இருக்காது. எனாமல் பூசிய பதினாலு மங்கு அடுக்குச் சட்டிகள், சோறும் குழம்புமாக, ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு கிடக்கும். தள்ளிக்கொண்டு போகிறவள் கமலவேணி. ஐம்பத்தேழில் வந்த சுதந்திரத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே மூட்டை கட்டிவிட்ட வெள்ளைக்காரத் துரை ஒருவரின் பங்களாவில் சாமான்களை ஏலம் விட்டபோது அவள் புருஷன் சேதுபதி எடுத்து வந்த வண்டி அது. அவர் போனதென்னவோ அலமாரி எடுக்கத்தான். அலமாரி எப்படிக் குழந்தை வண்டியாக மாறியது என்று அவள் இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவரும் இன்றுவரை சரியாகச் சொன்னதில்லை.

"என்னக்கா, பிள்ளைங்க பதினாலும் சுகமா?" என்று சைக்கிள் கடைக்காரன் கேட்பான்.

"எல்லாம் சுடச்சுட இருக்குதுங்க. தொட்டுப் பாக்குறியா?" என்பாள் நிற்காமலே.

தோட்டத்து லயத்தில் பிறந்து, பதினேழு வயதில் கல்யாணமாகி இந்தச் சடக்குக்கு வந்தவள். ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளிக்கிழங்கை எத்தனை விதமாக அவிக்கலாம் என்று கற்றுக்கொண்டாள். சண்டை முடிந்து அரிசியைக் கண்ணால் பார்த்ததும், இனி வாழ்நாள் முழுக்கச் சோறு வடித்தாலும் சலிக்காது என்று தோன்றியது. அப்படித்தான் ஆயிற்று. இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்த பிறகும் அடுப்பு ஓயவில்லை. சீன முதலாளி ஆ செங் தவுக்கேயின் கடைசல் பட்டறைக்கு நாலு அடுக்கு, ஐஸ் பாக்டரிக்கு ஐந்து, தெங்கேராப் பக்கம் அப்துல் கய்யூம் பாயின் சோடா பாக்டரிக்கு ஐந்து. பாயின் ஆட்கள் முஸ்லிம்கள்; ஹலால் பார்க்கிற அவர்களுக்கு மீனும் காய்கறியும் மட்டும்.

இந்த அடுக்குச் சட்டிகள் வழியாகத்தான் அவளுக்கு இன்னொரு வேலையும் வந்து சேர்ந்தது. அதை அவள் தேடிப் போகவில்லை.

ஆண்பிள்ளைகள் சாப்பிட்ட அடுக்கைக் கழுவித் தரமாட்டார்கள். எலும்பும் முருங்கைச் சக்கையுமாக அப்படியே திரும்பி வரும். யாராவது வேலையை விட்டுப் போகிற அன்று மட்டும், கணக்கைத் தீர்த்துக்கொண்டு போகிற மரியாதையாக, அடுக்கு சுத்தமாகக் கழுவித் துடைத்து வரும். யாரும் வகுத்த சட்டமில்லை, பழக்கம். கழுவின அடுக்கு வந்தால் அந்த இடத்தில் ஆள் காலி என்று கமலவேணிக்குத் தெரிந்துவிடும். முதல் தடவை ஐஸ் பாக்டரியிலிருந்து அப்படி வந்தபோது, சும்மா இருக்கும் தன் மகனைப் பற்றிப் புலம்பிய பக்கத்துத் தெரு ஒருத்தியிடம் வாய்தவறிச் சொன்னாள். மறுநாள் விடியலில் அந்தப் பையன் போய் நின்றான், வேலை கிடைத்தது. பிறகு சோடா பாக்டரியில் ஒருத்தன். பிறகு மறுபடி ஐஸ் பாக்டரியில். முதலாளிகளுக்கும் வசதியாக இருந்தது. ஆள் போனது அவர்களுக்கே உறைக்குமுன் புது ஆள் வாசலில் நின்றான். வேலை தேடும் பையன்களின் தாய்மார்கள் அவள் வீட்டுப் பின்வாசலில் வெங்காயம் உரித்துக் கொடுத்தபடி மெல்ல விசாரிக்க ஆரம்பித்தார்கள்.

"கவர்மெண்டே உங்கிட்ட வந்து கேக்கப் போவுது பாரு, வேணி," என்று சேதுபதி சிரிப்பார். அவளுக்கும் உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான்.

ஐம்பத்தெட்டாம் வருஷம், பொங்கல் கழிந்த வாரம். ஆ செங் பட்டறையிலிருந்து பொன்னுதுரையின் அடுக்கு கழுவி வந்தது. சும்மா கழுவியதில்லை, புளி போட்டுத் தேய்த்து, முகம் தெரிகிற மாதிரி. பொன்னுதுரை லேத் மிஷினில் நிற்கிறவன். ரப்பர் மரத்துக் கித்தாப் பாலைத் தகடாக உருட்டும் மிஷினுக்கு உருளை கடைகிறவன். அந்தப் பட்டறைக்கே அவன்தான் கை.

"இனிமே பொன்னுக்குச் சாப்பாடு வேணாமாம்," என்றான் வாசலில் அடுக்குகளை எடுத்துக் கொடுத்த ஆள்.

"ஏன்?"

"தெரியலக்கா. வேணாம்னான்."

மறுநாளும் அதற்கு மறுநாளும் பொன்னுதுரை மதியம் வாசல் பக்கம் வரவேயில்லை. அவன் மச்சான் சிங்கப்பூரிலிருந்து வா வா என்று கடிதம் போட்டுக்கொண்டிருப்பது ஊரறிந்த சங்கதி. போய்விட்டான் என்று கமலவேணி முடிவுகட்டினாள். உள்ளே எட்டிப் பார்த்திருக்கலாம். மற்றவர்களைக் கேட்டிருக்கலாம். ஆனால் மூன்று தடவை பலித்த குறி நாலாம் தடவை பொய்க்கும் என்று யாருக்குத் தோன்றும்?

அன்று சாயங்காலமே பக்கத்து வீட்டுச் சிவகாமசுந்தரியிடம் சொன்னாள். அவள் மகன் மாணிக்கவாசகத்துக்குப் பத்தொன்பது வயது. கவர்மெண்டு ஆபீஸ் ஒன்றில் பியூன். எட்டு மாதமாகக் காகிதக் கட்டுகளை ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குத் தூக்கிப்போவது அவனுக்கு வேப்பங்காயாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும் சைக்கிளைப் பிரித்துப் போடுவான்; மாட்டுவான்; மறுபடி பிரிப்பான். ஒரு லேத்தில் நின்றால் போதும், வேறெதுவும் வேண்டாம் என்பான். சிவகாமிக்கோ பென்ஷன் என்ற ஒரே சொல்தான் காதில் விழும்.

"நிச்சயமா வேணி? பொன்னுதுரை போயிட்டானா?"

"அடுக்கு வந்துருச்சி."

"நல்லா யோசிச்சிச் சொல்லு. கைல இருக்கற வேலைய விட்டுட்டு..."

"கழுவி வந்துருச்சிங்கறேன். புளி போட்டு."

மூன்றாவது தடவையும் கேட்டாள். மூன்றாவது தடவையும் அதே பதில். வெள்ளிக்கிழமை மாணிக்கவாசகம் ராஜினாமாக் கடிதம் கொடுத்தான். திங்கட்கிழமை காலை, துவைத்து மடித்த காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஆ செங் பட்டறைக்குப் போனான்.

உள்ளே லேத் ஓடிக்கொண்டிருந்தது. பொன்னுதுரை அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தான்.

அன்று மத்தியானம் கமலவேணி வண்டியைத் தள்ளி வீடு திரும்பியபோது சிவகாமி வேலியோரம் காத்திருந்தாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருக்கலாம்.

"வேணி, நான் உங்கிட்ட எத்தன தடவ கேட்டேன்?"

"ஏன்? மூணு தடவ."

"மூணு தடவயும் என்ன சொன்ன?"

"அடுக்கு வந்துருச்சின்னு..."

"அடுக்கு வந்துச்சி. ஆளு அங்கயே நிக்கிறானே! என் பிள்ளைய என்னா ஏதுன்னு கேக்காம, வெறுஞ்சட்டி வாங்க வந்தவன்னு நெனச்சி அந்தத் தவுக்கே கைல ரெண்டு சட்டிய எடுத்துக் குடுத்திருக்கான். அதையும் வாங்கிட்டு வந்து நிக்குது இந்த மண்டு."

திண்டாடிப் போனாள் கமலவேணி. சிவகாமி பையனைக் கூட்டிக்கொண்டு ஆபீசுக்கும் போய்ப் பார்த்திருக்கிறாள். கடிதம் மேலே போய்விட்டது, அந்த இடத்துக்கு வேறு ஆள் போட்டாயிற்று என்று சொல்லிவிட்டார்களாம்.

ஆள் இருக்கிறான், அடுக்கு மட்டும் போய்விட்டது. இதற்கு என்ன அர்த்தம்? அன்று முழுக்க அவளுக்கு விளங்கவில்லை. சோற்றில் கல் இருந்ததா? போன திங்கட்கிழமை வைத்த கெண்டை மீன் லேசாக வாடை அடித்தது உண்மைதான். வேறு யாராவது சாப்பாடு போட ஆரம்பித்துவிட்டார்களா? பக்கத்துத் தெருப் பூங்காவனம் அக்கா கூட ஆறு மாதமாகப் புது அடுக்குகள் வாங்கி வைத்திருக்கிறாள் என்று கேள்வி.

"உன் ரசத்தக் குடிச்சிட்டு ஒருத்தன் ஊரவிட்டே ஓடிட்டான்னு நீ நெனச்ச. அவன் ரசத்த மட்டுந்தான் விட்டிருக்கான்," என்றார் சேதுபதி, சோற்றைப் பிசைந்தபடி.

"சிரிக்காதிங்க. அந்தப் பிள்ளைக்கு வேல போயிருச்சி."

அவர் சிரிப்பதை நிறுத்தினார். சாப்பிடுவதை நிறுத்தவில்லை.

மறுநாள் சோடா பாக்டரியில் அடுக்குகளை இறக்கி வைத்துவிட்டு, பாயிடம் மாணிக்கவாசகத்துக்கு ஒரு வேலை கேட்டாள். அப்துல் கய்யூம் பாட்டில்களை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

"எங்கிட்ட மிஷினே ரெண்டுதான் தங்கச்சி. ஒண்ணுல என் தங்கச்சி மவன் நிக்கிறான். இன்னொண்ணு நான் தட்டுனாத்தான் ஓடும். ஆமா, அந்தப் பையன் கவர்மெண்டுலல்ல இருந்தான்?"

கதை முழுவதையும் சொன்னாள். சொல்லச் சொல்லத் தன் காதுக்கே அசட்டுத்தனமாக இருந்தது. பாய் பாட்டிலைக் கீழே வைத்தார்.

"போன வருஷம் நோன்பு மாசம் எங்க ஆளுங்க அஞ்சு பேரும் அடுக்க நிறுத்துனாங்களா இல்லியா?"

"நிறுத்துனாங்க."

"அஞ்சு பேரும் வேலய விட்டுட்டாங்கன்னு ஊருல சொன்னியா?"

"அது நோன்பு பாய். எல்லாருக்குந் தெரியும்."

"உங்க ஆளுங்களுக்கு நோன்பு இல்லியா? மாசி வருது. சன்னாசிமலைக்குக் காவடி தூக்க மாட்டாங்க?"

கமலவேணி வண்டியின் கைப்பிடியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள். விரதம். தனக்குத் தெரியாத விரதமா? ஆனால் விரதக்காரர்கள் வழக்கமாக அவளிடமே வந்து, "அக்கா, மாசி மகம் வரைக்கும் சைவம்" என்பார்களே. அவளும் தனிச் சட்டியில் சமைத்து அனுப்புவாளே. ஒரு வார்த்தை சொல்லாமல் அடுக்கைத் தேய்த்து அனுப்புவது என்ன விரதம்? பாய் தெளிவித்த மாதிரியும் இருந்தது, இன்னும் கலக்கிவிட்ட மாதிரியும் இருந்தது.

சாயங்காலம் பட்டறை விடும் நேரத்துக்குப் போய், குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்த பொன்னுதுரையைப் பிடித்தாள். நெற்றியில் திருநீறு, மூன்று வாரத் தாடி என்று சொல்ல முடியாது, ஒரு வாரத் தாடி.

"தம்பி, உண்மையச் சொல்லு. காவடியா?"

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். "யாருக்கா சொன்னா?"

"எங்கிட்ட சைவம் கேட்டா தரமாட்டனா?"

"அதுக்கில்லக்கா. உங்க வீட்டுல மீன் பொழங்குற அடுப்பு. இந்தத் தடவ... வீட்டுலயே ஆக்கி ஒரு வேளதான் சாப்புடறேன். மதியம் தண்ணியோட சரி. சாப்பாட்டு நேரத்துல வாசல்ல நின்னா உங்களாட்டம் யாராச்சும் ஏன்னு கேப்பாங்க. அதான் பின்னால போய்ப் படுத்துக்கறேன்."

"கேட்டா காவடின்னு சொல்லேன். அதுல என்னா கூச்சம்?"

"காவடின்னா எதுக்குன்னு கேப்பாங்க." குரலை இறக்கினான். "வீட்டுல ருக்மணிக்கு ரெண்டு மாசம். ரெண்டு தடவ தங்காமப் போயிருச்சி, உங்களுக்குத் தெரியும். மூணு மாசம் தாண்டற வரைக்கும் அவ அம்மாவுக்கே சொல்லல. வாய விட்றாதீங்கக்கா."

அவள் தலையை ஆட்டினாள். வேறென்ன செய்வது? ஆட்டிய பிறகுதான் தான் மாட்டிக்கொண்டது புரிந்தது. சிவகாமிக்குக் காரணம் சொல்லியாக வேண்டும். காவடி என்று சொன்னால் ஏன் காவடி என்று சிவகாமி கேட்பாள். கேட்காவிட்டாலும் கணக்குப் போடுவாள். அந்தத் தெருவில் கணக்குப் போடத் தெரியாத பெண்பிள்ளை கிடையாது.

"ஏன் அப்பிடி அனுப்புனானாம்?" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள் சிவகாமி.

"தப்பு என் மேலதான் சிவகாமி. நான் பாக்காம சொல்லிட்டேன்."

"அத நான் கேக்கல. ஏன் அனுப்புனான்?"

"அது... தெரியல."

"தெரியாமத்தான் மூணு தடவ சொன்னியா?" என்று சொல்லிவிட்டு, கொடியில் காய்ந்த துணிகளை உருவிக்கொண்டு சிவகாமி உள்ளே போய்விட்டாள். இரவல் வாங்கியிருந்த இட்லித் தட்டு ஒரு மணி நேரத்தில் வேலி மேல் வந்து உட்கார்ந்திருந்தது. அதுவும் நன்றாகக் கழுவி. அதைப் பார்த்துத்தான் கமலவேணிக்கு அழுகை வந்தது.

மறுநாள் பதினொன்றரைக்கு அவள் கிளம்பும்போது மாணிக்கவாசகம் வாசலில் நின்றான்.

"வண்டிய நான் தள்றேன், அத்தை. வீட்டுல இருந்தா அம்மா என்னையே பாத்துக்கிட்டு இருக்காங்க."

"என் மேல கோவம் இல்லியாடா?"

"இருக்கு," என்றான். வண்டியைத் தள்ள ஆரம்பித்தான்.

ஆ செங் பட்டறையில் நேராகத் தவுக்கேயையே கேட்டுவிடுவது என்று அவள் தீர்மானித்திருந்தாள். எடுபிடியாகவாவது வைத்துக்கொள்ளட்டும். வாசலுக்கு உள்ளே இடதுபக்கம், கித்தான் துணி போர்த்தி மேலே பலகை போட்ட ஒரு மேசை உண்டு. இரண்டு வருஷமாக அவள் அடுக்குகளை வைக்கிற இடம். அன்று அவளுக்குப் பதில் பையன்தான் அடுக்குகளை இறக்கி வைத்தான். மூன்றாவதை வைக்கும்போது கித்தானின் ஓரம் சரிந்தது. சரிசெய்யக் குனிந்தவன் நிமிரவில்லை.

"என்னாடா பண்ற? சோறு ஆறுது."

"அத்தை, இது மேசை இல்ல."

கித்தானை இன்னும் கொஞ்சம் தூக்கினான். துருப்பிடித்த பல்சக்கரங்கள், நீளமான இரும்புப் படுக்கை, ஒரு கைப்பிடிச் சக்கரம்.

"லேத்து. முழு லேத்து. பெல்ட்டு மட்டுந்தான் இல்ல."

கமலவேணி குனிந்து பார்த்தாள். அவளுக்கு அது இரும்பாகத்தான் தெரிந்தது. இத்தனை நாளாக எந்தப் பட்டறையில் எந்த இடம் காலி என்று ஊருக்குக் குறி சொன்னவள், ஆள் இல்லாத மிஷின் மேலேயே தினமும் சோற்றை வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். இதற்குச் சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை.

ஆ செங் கையில் வெற்றுக் காப்பிக் கோப்பையோடு வந்தார். அவளோடு அவர் பேசுவது பாசார் மலாய், சந்தையில் புழங்கும் கலப்பு மலாய். அவளும் அதிலேயே சமாளிப்பாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால், கடையைக் கட்டிய ஒரு வெள்ளைக்காரச் சுரங்கக் கம்பெனியிடம் வாங்கிய மிஷினாம். தம்பி மகனுக்கென்று வாங்கியது. அவன் சிங்கப்பூருக்குப் போய்க் கைக்கடிகாரம் விற்கிறான்.

"அப்புறம் ஏன் ஆள் போடலை, தவுக்கே?"

"யாரும் வந்து கேட்கலையே. நீ ஆள் காட்டுவாயாமே? எனக்கு ஒருத்தனையும் காட்டலை."

"ஆள் வேணும்னு நீங்க சொல்லலையே!"

"நீ சோறு கொண்டுவருகிறவள். உன்னிடம் ஏன் சொல்ல வேண்டும்?"

பின்னாலிருந்து பொன்னுதுரை மெதுவாகச் சொன்னான், "எனக்குத் தெரியும்க்கா. எங்கிட்டயும் யாரும் கேக்கலியே."

"நீ பேசாத தம்பி. நீ பேச வேண்டியப்பல்லாம் பேசல."

அந்தப் பேச்சின் முழு அர்த்தம் அவர்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும்.

மாணிக்கவாசகம் அதற்குள் கைப்பிடிச் சக்கரத்தைத் திருகிப் பார்த்துக்கொண்டிருந்தான். அது அசையவில்லை. காக்கிச் சட்டையின் கையில் துருவும் கிரீஸும் ஒட்டிவிட்டன. தவுக்கே அவனையே பார்த்தார். அன்றைக்குச் சட்டி வாங்க வந்த பையன்தானே நீ, என்றார். ஆமாம் என்றான். இதை ஓட வைக்க முடியுமா என்றார்.

"போலே லா," என்றான் மாணிக்கவாசகம். முடியும் என்று சொல்வதற்கு அவனுக்கு அவ்வளவு தைரியம் எங்கிருந்து வந்தது என்று கமலவேணிக்கு விளங்கவில்லை. சைக்கிளைத் தவிர வேறெதையும் அவன் பிரித்து அவள் பார்த்ததில்லை.

ஓடட்டும், பிறகு வேலையைப் பற்றிப் பேசலாம் என்று சொல்லிவிட்டார் தவுக்கே. அதுவரைக்கும் சம்பளம் இல்லை.

வேலைதானா, வேலை இல்லையா? சிவகாமியிடம் போய் என்ன சொல்வது? கிடைத்துவிட்டது என்பதா, கிடைக்கப் போகிறது என்பதா? இந்தத் தடவை கமலவேணி எதையும் சொல்லவில்லை. பையன்தான் சொன்னான். வேலிக்கு அந்தப் பக்கம் பாத்திரம் விழும் சத்தம் கேட்டது.

அன்றிலிருந்து அவள் ஓர் அடுக்கு கூடுதலாகக் கட்டினாள். யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. முதல் நாள் அது சாப்பிடாமலே திரும்பி வந்தது. வீட்டிலிருந்தே அம்மா கட்டிக் கொடுத்திருந்தாளாம். இரண்டாம் நாள் பாதி. பத்து நாள் கழித்து எலும்பும் சக்கையுமாக வந்தபோது அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. பையன் மண்ணெண்ணெயில் ஒவ்வொரு பல்லாக ஊறவைத்துத் தேய்த்தான். ஒரு வாரம் முன்னேற்றம், அடுத்த வாரம் ஏதோ ஒரு திருகு உடைந்து பழையபடி. சிவகாமி வேலியோரம் வருவாள். ஒன்றும் பேசாமல் துணியைக் காயப்போட்டுவிட்டுப் போவாள். பேசாமலிருப்பது மன்னிப்பா, வன்மமா? கண்டுபிடிக்க முடியவில்லை.

மாசி மகத்துக்குப் பொன்னுதுரை காவடி எடுத்தான். கூட்டத்தில் ருக்மணி புடவையை முன்னால் நன்றாக இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தாள். சிவகாமியும் வந்திருந்தாள். அவள் ருக்மணியை ஒரு தரம் பார்த்தாள், பொன்னுதுரையின் தாடியைப் பார்த்தாள், பிறகு திரும்பிக் கமலவேணியைப் பார்த்தாள்.

"இதுக்கா?" என்றாள்.

"எதுக்கு?" என்றாள் கமலவேணி.

"சரி, சரி." சிவகாமி கையிலிருந்த திருநீற்றைக் கொஞ்சம் அவள் உள்ளங்கையில் கொட்டினாள். அதற்கு மேல் அந்தப் பேச்சு எடுக்கப்படவே இல்லை.

அதற்கடுத்த வாரம் புதன்கிழமை. பொன்னுதுரை மறுபடி மீன் கேட்டிருந்தான். வண்டியில் பதினைந்து அடுக்கு. கடைசல் பட்டறை வாசலுக்கு வந்தபோதே சத்தம் வேறு மாதிரி இருந்தது. ஒன்று கரகரவென்று, இன்னொன்று அதன் மேல் கீச்சென்று. உள்ளே கித்தானைக் காணவில்லை. பலகையைக் காணவில்லை. மேலே சுழலும் தண்டிலிருந்து புதுப் பெல்ட்டு இறங்கி, அவள் மேசை இருந்த இடத்தில் பளபளவென்று ஓர் உருளை சுற்றிக்கொண்டிருந்தது. மாணிக்கவாசகம் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். அவள் வந்ததைக் கவனிக்கவில்லை. ஆ செங் பக்கத்தில் குனிந்து உருளையை விரலால் தடவிப் பார்த்து, ஒரு கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். யாருக்குக் காட்டினார் என்று தெரியவில்லை.

கமலவேணி ஐந்து அடுக்குகளை வண்டியிலிருந்து எடுத்து இரண்டு கையிலும் தொங்கவிட்டுக்கொண்டு நின்றாள். கீழே இரும்புத் தூள். சோற்றை அதில் வைக்க முடியாது. பெஞ்சில் எண்ணெய். நாற்காலியில் தவுக்கேயின் சட்டை.

"டேய்," என்றாள். "இனிமே நான் இத எங்கடா வெக்கிறது?"

இரண்டு லேத்தின் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை.